பன்னிரண்டாம் ரீல்

3 செப்டம்பர் 2025, புதன்

கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிக் கோகிலா மூன்று நாளாக நச்சரிக்கிறாள். நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எழுபத்தாறு வயதில் ஸ்டூல் மேல் ஏறுகிற புருஷனைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, தசாவதார செட்டைப் பற்றித்தான் கவலை.

ஸ்டூல் மேல் நிற்கும்போது போன் வந்தது. மெர்சி என்று ஒரு பெண்மணி. பழைய படச்சுருள்களைத் தேடியெடுத்துச் சுத்தம் செய்து மறுபடி திரையிடும் ஒரு காப்பகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறாராம். ‘இன்னார் வீடு’ படத்தின் கடைசி ரீல் கிடைத்துவிட்டது என்றார். நான் ஸ்டூலை விட்டு இறங்கி உட்கார்ந்தேன்.

என்றைக்காவது இந்த டைரியை யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். ‘இன்னார் வீடு’ 1979இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் கோமதிநாயகம். அவர் எடுத்த ஒரே படம். பர்மாவிலிருந்து பத்தொன்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறான் ஒருவன். ஊரில் அவனுக்குக் கருமாதியே முடிந்துவிட்டது. நிலம் அண்ணன் பெயருக்குப் போய்விட்டது. ‘நீ யாரு?’ என்று எல்லோரும் கேட்கக் கேட்க, தான் யார் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கடைசியில் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவு திறப்பதில்லை. படம் முடிகிறது. நாற்பத்தாறு வருடமாக உலகம் பார்த்தது இந்தப் பதினொரு ரீலைத்தான். அதன் அருமையை முதலில் எழுதியவன் நான்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் பன்னிரண்டு ரீலும் சேர்த்துத் திரையிடுகிறார்கள். நான் பேசவேண்டும். அன்று கொடுக்கப்போகும் சிறு புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதவேண்டும். உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

5 செப்டம்பர், வெள்ளி

என் பழைய விமர்சனத்தைத் தேடி எடுத்தேன். தொலைபேசி இலாகாவில் வேலை, மாலையில் வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் என்று திரிந்த முப்பது வயது. கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன். ‘கதவு திறப்பதில்லை. திறக்கவும் கூடாது. திறந்திருந்தால் இது இன்னொரு குடும்பப் படம். மூடியிருப்பதால் இது நம் காலத்தின் முகம்.’

இந்த நாலு வாக்கியம் எவ்வளவு தூரம் போனது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. டெல்லியில் யாரோ மொழிபெயர்த்தார்கள். வெளிநாட்டு விழாவில் படத்தோடு கொடுத்த தாளில் அச்சிட்டார்கள். மதுரையில் ஒரு பேராசிரியர் மூடிய கதவை வைத்தே முந்நூறு பக்க ஆய்வு செய்து பட்டம் வாங்கினார். படத்தின் தொடக்கத்தில் ‘தங்கை: பாக்கியத்தாய்’ என்று பெயர் வரும், படத்தில் அந்தத் தங்கையின் முகம் வராது. முகமில்லாத பெயர் என்பதே இயக்குநரின் ஆழ்ந்த உத்தி என்று அவர் இருபது பக்கம் எழுதியிருக்கிறார். அதற்கு வாழ்த்துரை கொடுத்தது நான்தான்.

கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில் பார்த்தேன். கதவைத் தட்டுகிறான், ரீல் ஓடி முடிகிறது, விளக்கு எரிகிறது. நான் எழுந்து வந்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

8 செப்டம்பர், திங்கள்

முன்னுரை நகரவில்லை. பரண் பெட்டியில் எலி புகுந்து கிருஷ்ணரின் காலைக் கடித்திருக்கிறது.

11 செப்டம்பர், வியாழன்

மெர்சி வீட்டுக்கு வந்திருந்தார். நங்கநல்லூர் சந்துகளில் ஆட்டோக்காரர் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறார். ஆனாலும் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து மோர் குடித்தார்.

ரீல் கிடைத்தது ஆழ்வார்குறிச்சியில், அந்தப் பாக்கியத்தாயின் வீட்டில். அப்போது பால்வாடி டீச்சராக இருந்தவர். நடிகை அல்ல. அந்த ஊரில் படப்பிடிப்பு நடந்தபோது கோமதிநாயகம் கண்டு கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாள் வரும் காட்சி முழுவதும் பன்னிரண்டாம் ரீலில் இருந்தது. அதை வெட்டிய பிறகு ரீலைத் தகர டப்பாவோடு கொண்டுபோய், ‘இது உன் பங்கு, நீயே வச்சுக்கோ’ என்று கொடுத்துவிட்டு வந்தாராம். கோமதிநாயகம் இறந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. டப்பாவைத் திறந்தால் காடி வாடை தூக்கி அடித்ததாம், சுருள் கெட ஆரம்பித்திருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றார் மெர்சி.

“அந்தம்மா அந்த ரீலப் பாத்ததே இல்ல சார். போட்டுப் பாக்க வழியில்ல, வீட்ல சும்மா வச்சிருந்திருக்காங்க. அன்னிக்கு பிரிவியூ பாத்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இப்ப இருக்கீங்க. கடைசி ரீல் எப்படி இருந்துச்சுன்னு உங்க ஞாபகத்துல இருந்து முன்னுரைல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

வயதாகிவிட்டது, ஞாபகம் மங்கிவிட்டது என்றேன். கோகிலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். 1974இல் அவள் தம்பி என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையைப் போன மாதம்தான் தேதியோடு சொல்லிக்காட்டினேன்.

12 செப்டம்பர், வெள்ளி

போன வாரம் எழுதியது பொய். எனக்கு மட்டும் எழுதும் டைரியில்கூடப் பொய்.

அந்தத் தியேட்டரில் அன்று ஒரு புரொஜெக்டர்தான் வேலை செய்தது. ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டினார்கள். பத்து முறை விளக்கு எரிந்து அணைந்தது. பதினோராவது முறை எரிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் எழுந்தேன். ஆப்பரேட்டர் அடுத்த டப்பாவைத் திறப்பது எனக்குத் தெரிந்தது.

படம் எனக்கு அலுத்துவிட்டது. அதுதான் உண்மை. ஒருவன் நடக்கிறான், நிற்கிறான், மறுபடி நடக்கிறான். பசி வேறு. எதிர் ஓட்டலில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே குறிப்பெழுதினேன். திட்டித்தான் எழுதியிருப்பேன். ஆறாவது ரீல் இடைவெளியில் டெல்லியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதர் ‘உலகத் தரம்’ என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்துபோய்ப் புகழ்ந்தேன். ஓடிப்போன இடத்தையே படத்தின் முடிவு என்று எழுதினேன்.

15 செப்டம்பர், திங்கள்

பாக்கியத்தாய் போன் செய்தார்கள். மெர்சி நம்பர் கொடுத்திருக்கிறார்.

குரல் கணீரென்று இருந்தது. பால்வாடியில் முப்பது பிள்ளைகளை மேய்த்த குரல். முதலில் என் உடம்பு, வீட்டம்மா சௌக்கியம் எல்லாம் விசாரித்தார்கள். மகன் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டானாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரலாமா, இல்லை சினிமாக்காரர்கள் சிரிப்பார்களா என்று கேட்டார்கள். கட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கப்படாது. நான் மிகையா நடிச்சேன்னு நீங்க சொன்னதா கோமதிநாயகம் அண்ணாச்சி அன்னிக்கு சொன்னாவ. அதனாலதான் வெட்டிட்டாவன்னு. வருத்தம்லாம் இல்ல சார், நான் என்ன படிச்சு வந்த நடிகையா? ஆனா எந்த எடத்துல மிகைன்னு மட்டும் சொல்லுங்க. அம்புட்டு சனத்துக்கு முன்னால பாக்கப் போறேன்லா, மனச தேத்திக்கிடலாம்.”

அதெல்லாம் இல்லம்மா, தொழில்நுட்பக் காரணம் என்று ஏதோ உளறினேன். அவர்கள் நம்பவில்லை. மரியாதைக்காகச் சரி சார், சரி சார் என்றார்கள்.

16 செப்டம்பர், செவ்வாய்

இன்று ஒன்றும் எழுத முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

19 செப்டம்பர், வெள்ளி

எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

விமர்சனம் வந்த வாரம் தயாரிப்பாளர் போன் செய்தார். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்தவர். இலாகா புண்ணியத்தில் என் வீட்டில் போன் இருந்தது. கதவோடு முடித்தால் நன்றாக இருக்கும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், மிச்சத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். மிச்சம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பார்க்கவில்லை என்று தெரிந்துபோயிருக்கும். தாராளமாக எடுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தார். மழை. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கோகிலா துண்டு கொடுத்தாள், தலையைத் துவட்டாமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தான் சொல்லி முதலாளி கேட்கவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்றார். இந்தப் படத்தையே அந்தக் கடைசி ரீலுக்காகத்தான் எடுத்தேன் என்றார். “நீங்க முழுசாப் பாத்தவுக” என்று இரண்டு தடவை சொன்னார்.

படைப்பாளி தன் படைப்பின் மேல் இரக்கம் காட்டக்கூடாது என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, “அந்தப் பிள்ளை எப்படி இருந்துது சார்?” என்றார்.

எந்தப் பிள்ளை என்றே எனக்குத் தெரியாது. கடைசி ரீலில் ஒரு பெண் வருகிறாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“கொஞ்சம் மிகை” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் படத்துக்கு யாரும் ஆதரவு தரமாட்டார்கள். இதை எழுதும்போதே தெரிகிறது, இதுவும் தப்பித்தல்தான்.

21 செப்டம்பர், ஞாயிறு

மகாளய அமாவாசை. தர்ப்பணம் முடித்து, காக்கைக்குச் சோறு வைத்து வந்தேன். கொலுப்படி கட்டினோம். ஐந்து படி போதும் என்றேன். ஏழுதான் என்றாள்.

படிக்கு வெள்ளைத் துணி விரித்தபடியே கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அன்றைக்கு நான் போண்டா வாடையோடு ஆறே முக்காலுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேனாம். ஆறரை வரைக்கும் படம் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேனாம். விமர்சனத்தைப் படித்தபோதே அவளுக்கு ஏதோ இடித்திருக்கிறது.

ஏன் இத்தனை வருடம் கேட்கவில்லை என்றேன்.

“உங்களுக்கு அதுல ஒரு பேரு வந்துடுச்சு. அதுக்கப்புறம் எப்படிங்க கேக்கறது?” என்றாள். துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

24 செப்டம்பர், புதன்

முன்னுரை எழுதி முடித்தேன். ‘அன்றைய சூழ்நிலை காரணமாகக் கடைசி ரீல் நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி. கோகிலாவிடம் காட்டினேன். சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே படித்தாள்.

“நீக்கப்பட்டதுன்னா? யாரு நீக்கினது?”

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். மெர்சிக்கு அனுப்பவில்லை. முன்னுரை இல்லாமலே புத்தகத்தை அச்சடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், ஆனால் வற்புறுத்தவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

நேற்று படம்.

அரங்கம் நிறைந்திருந்தது. மதுரைப் பேராசிரியர் வந்திருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாக்கியத்தாய் முன்வரிசையில் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் மகன். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள். நான் சரியாகக் கும்பிடக்கூட இல்லை.

பேச்சு படத்துக்கு முன்னால். மைக்கைப் பிடித்து, இது காலத்தை வென்ற படம் என்றும், இன்று ஒரு வரலாற்று நாள் என்றும் சொன்னேன். கைதட்டினார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

முதல் பதினொரு ரீலை நான் அன்றைக்குப் போலவே அலுப்போடு பார்ப்பேன் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ‘நீ யாரு?’ என்று அண்ணன் கேட்கும்போது பர்மாக்காரன் தன் சட்டைப்பையைத் தடவுகிறான், பதில் அங்கே இருப்பது போல. முப்பது வயதில் அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.

கதவைத் தட்டினான். எங்கே விளக்கு எரியப்போகிறதோ என்று என் உடம்பு எழுந்திருக்கத் தயாரானது. எரியவில்லை.

கதவு திறந்தது. கோடும் புள்ளியுமாகக் கெட்டுப்போன படத்தில் ஒரு பெண் நிற்கிறாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவனைப் பார்க்கிறாள். அழவில்லை, அண்ணா என்று கூப்பிடவில்லை, ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அவன் தான் யார் என்று சொல்ல வாயெடுக்கிறான். அவள் அவன் காலைப் பார்க்கிறாள். வழியெல்லாம் நடந்த சேறு.

“காலக் கழுவிட்டு உள்ள வா” என்கிறாள். திரும்பி உள்ளே போய்விடுகிறாள்.

அவ்வளவுதான் அந்த அம்மாளின் நடிப்பு. ஒரு வசனம். அதன் பிறகு அவன் கிணற்றடியில் காலைக் கழுவுகிறான், கழுவிக்கொண்டே இருக்கிறான், படம் முடிகிறது. வீட்டு மனிதனிடம் மட்டும் சொல்லும் வார்த்தை அது. பதினொரு ரீல் நெடுக அவன் யார் என்று கேட்டுக்கொண்டிருந்ததற்குக் கோமதிநாயகம் வைத்திருந்த பதில் அது. இதைத்தான் மிகை என்றேன். இந்தப் பதிலை எடுத்துவிட்டு, பதிலே இல்லாததுதான் கலை என்று நாற்பத்தாறு வருடம் ஊரை நம்பவைத்தேன். நான் அழுதேன். கோகிலா என் கையைத் தொட்டாள்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பாக்கியத்தாய் மட்டும் உட்கார்ந்தபடியே வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“அம்மா, நான் அன்னிக்கு இதப் பாக்கல. பதினோராவது ரீலோட எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். பாக்காமத்தான் மிகைன்னு சொன்னேன்.”

அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். மகன் என்னை முறைத்தான். அவர்கள் கோபப்படவில்லை. அதுவே தாங்கமுடியாமல் இருந்தது.

“பாக்கவே இல்லியா?”

“இல்லம்மா.”

“அடுக்களைல தனியா நிக்கும்போதெல்லாம் சொல்லிப் பாப்பேன் சார். காலக் கழுவிட்டு உள்ள வா, காலக் கழுவிட்டு உள்ள வான்னு. மெதுவா, சத்தமா, சிரிச்சுக்கிட்டு. எங்க வீட்டாளு வேலைவிட்டு வரும்போது மட்டும் அத சொல்லவே மாட்டேன். அவுகளுக்கும் மிகையாத் தெரிஞ்சிரப்படாதுன்னு.” மறுபடி திரையைப் பார்த்தார்கள். “அவுக போயி பதினோரு வருசமாச்சு.”

மெர்சி பூச்செண்டோடு வந்தார், போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். பாக்கியத்தாய் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். போகும்போது திரும்பி, “இத நீங்க எழுதணும் சார்” என்றார்கள். கேட்டுக்கொள்ளும் குரல் அல்ல அது. பால்வாடிக் குரல்.

30 செப்டம்பர், செவ்வாய்

இரண்டு முறை உட்கார்ந்தேன். ‘சூழ்நிலை’ என்ற சொல் தானாக வந்து விழுகிறது. இரண்டு முறையும் கிழித்துப்போட்டேன். சாயங்காலம் கோகிலா நாளைய பூஜைக்காக என் புத்தகம், பேனா, டைரி எல்லாவற்றையும் கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டேன்.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. நேற்று முழுக்க எல்லாம் சரஸ்வதி பொம்மைக்கு முன்னால் பட்டுத்துணிக்கு அடியில் இருந்தன. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. காலையில் குளித்து, விளக்கேற்றி, பேனாவை எடுத்துக் கோகிலா என் கையில் கொடுத்தாள். பேனாவில் சந்தனம் காய்ந்திருந்தது. இன்று எழுதுகிற முதல் வரி நல்ல வரியாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளையார் சுழிக்குக் கீழே ஏதாவது சுலோகம் எழுதிவைப்பேன்.

இன்று சுழி போட்டு இதை எழுதினேன். மெர்சிக்கு ஒரு பிரதி. வாரப் பத்திரிகை நின்றுபோய் இருபது வருடமாகிறது, அதனால் எந்தப் பத்திரிகை போடும் என்று தெரியவில்லை. இன்னொரு பிரதி ஆழ்வார்குறிச்சிக்கு, ரிஜிஸ்தர் தபாலில்.

‘இன்னார் வீடு: விமர்சனம். கனகசபை எழுதுவது. இந்தப் படத்தை நான் போன சனிக்கிழமைதான் பார்த்தேன்.’